மீன்தொட்டியில் நீர் மாற்றும்பொழுது வெப்பநிலையைப் பேணும் முறை

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் கமக்காரருக்கு நீரின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. படுவான்கரையில் குளத்து நீரை அளந்து வயலுக்குப் பாய்ச்சுவோரும், எழுவான்கரையின் மணற்பாங்கான நிலத்தில் கிணற்று நீரை இறைத்துக் கத்தரி, மிளகாய், வெங்காயம், வெற்றிலை முதலியவற்றைப் பேணுவோரும் நீர் பாய்ச்சும் அளவையும் காலத்தையும் நன்கு அறிந்தவர்கள். ஆயின், நீரின் வெப்பநிலையைப் பற்றிச் சிந்திக்க வேண்டிய தேவை அவர்களுக்குப் பெரும்பாலும் நேர்வதில்லை. நெல்லுக்கும் மரக்கறிக்கும் அது பெருங்கவலையன்று. மீனுக்கோ அதுவே முதற்கவலையாகும்.

பெரும்போக அறுவடைக்கும் சிறுபோக விதைப்புக்கும் இடைப்பட்ட காலத்திலும், குளத்தில் நீர் போதாமையாற் சிறுபோகம் கைவிடப்படும் ஆண்டுகளிலும், வீட்டு வளவில் அலங்கார மீன் வளர்த்தல் குடும்பத்துக்குச் சிறு வருவாய் தரக்கூடிய ஒரு துணைத்தொழிலாகும். இதற்குப் பரந்த நிலம் வேண்டியதில்லை. இரண்டு மூன்று சீமெந்துத் தொட்டிகளும், ஒரு கிணறும், கிடுகு வேய்ந்த ஒரு பந்தலும் இருப்பின் தொடங்கலாம். காலையிலும் மாலையிலும் சிறிது நேரம் செலவிட்டாற் போதும்.

எனினும், இத்தொழிலில் இறங்குவோர் பலருக்கு ஒரே வகையான இழப்பு நேர்வதுண்டு. காலையில் தொட்டி கழுவப்பட்டுப் புதுநீர் நிரப்பப்படும். அன்று மாலையே மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய் பிளக்கும். அல்லது செட்டைகளை ஒடுக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்கும். சில நாட்களில் உடலில் வெண்புள்ளிகள் தோன்றும். பின்னர் ஒவ்வொன்றாக இறந்து மிதக்கும். வளர்த்தவர் உணவைக் குறை கூறுவார். குஞ்சு விற்றவரைக் குறை கூறுவார். கண்ணூறு பட்டது என்றும் எண்ணுவார். நல்ல நோக்கத்துடன் ஊற்றிய சுத்தமான நீரே காரணமாக இருக்கக்கூடும் என்பது எளிதிற் புலப்படுவதில்லை. அந்நீரில் அழுக்கு இல்லை, நஞ்சு இல்லை, தொட்டி நீரிலும் பார்க்கச் சில பாகை சூடாகவோ குளிராகவோ இருந்தது என்பதே அதன் குற்றம். இவ்விழப்பைத் தடுப்பதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. காரணத்தை அறிந்து முறைப்படி செய்தாற் போதும்.

மீனின் உடலும் நீரின் வெப்பமும்

மனிதனும் மாடும் ஆடும் வெப்பக் குருதி உடையன. வெளியே வெயிலாயினும் குளிராயினும் அவற்றின் உடல் ஒரே வெப்பநிலையைப் பேண முயல்கிறது. அங்ஙனம் முயலும் ஆற்றலுக்கும் ஓர் எல்லை உண்டு. 2022 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் வங்காள விரிகுடாவில் மாண்டஸ் சூறாவளி எழுந்த நாட்களிற் குளிர்காற்றும் மழையும் ஒருங்கே வந்தபோது, வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் இறந்தமையைக் கமக்காரர் மறந்திருக்க மாட்டார்கள். குளிர்நாட்டு மாடுகள் அதனிலும் கடுங்குளிரைத் தாங்கி வாழ்கின்றன. இங்குள்ள மாடுகளோ அத்தகைய குளிருக்குப் பழகாதவை. அது மழையோடும் காற்றோடும் ஓரிரு நாட்களுக்குள் வந்தமையாலேயே அவை மாண்டன.

மீனுக்கு இந்தப் பாதுகாப்புத்தானும் இல்லை. அது குளிர்க் குருதி உடையது. அதன் இரத்தம் முழுவதும் பூக்களின் ஊடாக ஓடும்பொழுது மெல்லிய தோலுக்கு அப்பால் உள்ள நீரோடு ஓயாது தொடர்பு கொள்கிறது. ஆகவே நீரின் வெப்பநிலை எதுவோ, சிறிது நேரத்தில் மீனின் உடல் வெப்பநிலையும் அதுவேயாகும். நீர் ஐந்து பாகை குளிர்ந்தால் மீனின் இருதயம், குடல், மூளை யாவும் ஐந்து பாகை குளிர்கின்றன.

வாவியிலும் குளத்திலும் வாழும் மீன்கள் பருவந்தோறும் வெப்ப மாற்றங்களைத் தாங்குகின்றனவே என ஒருவர் வினவலாம். வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடைய பெரு நீர்ப்பரப்பு. அத்துணை நீர் ஒரு நாளிற் சூடேறுவதுமில்லை. ஒரு நாளிற் குளிர்வதுமில்லை. மேலும், மேல்நீர் சூடானால் மீன் ஆழத்துக்கும் மர நிழலுக்கும் செல்லும். 1952 ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டுக் குளங்களிற் பெருகிய திலாப்பியாவும் இவ்வாறே தனக்கு ஏற்ற இடத்தைத் தேடிக்கொள்கிறது. தொட்டி மீனுக்கோ ஓடி ஒளிய இடம் இல்லை. வாளியிலிருந்து வீழும் நீர் எத்தன்மையதோ, அதனை அது ஏற்றே தீரவேண்டும்.

நாற்றுமேடையில் நிழலில் வளர்ந்த மிளகாய்க் கன்றை நண்பகல் வெயிலில் நட்டால் அது வாடும். அதே கன்றுக்கு நாள்தோறும் சிறிது சிறிதாக வெயில் காட்டி வன்மைப்படுத்திய பின் நட்டால் தழைக்கும். வெயில் ஒன்றே, பழக்கிய முறைதான் வேறு. மீனின் நிலையும் இதுவே. 26 பாகை செல்சியஸிலிருந்து 30 பாகைக்கு ஒரு கிழமையில் ஏறும் நீரை மீன் தாங்கும். அதே நான்கு பாகை ஐந்து நிமிடத்தில் ஏறினால் நலிவுறும். வெப்பம் எவ்வளவு என்பதிலும் பார்க்க அது எவ்வளவு விரைவில் மாறியது என்பதே முக்கியமாகும்.

திடீர் மாற்றத்தால் விளையும் தீமைகள்

முதலாவது, மூச்சுத் திணறல். நீர் சூடேறச் சூடேற அதிற் கரைந்திருக்கக்கூடிய ஒட்சிசனின் அளவு குறைகிறது. 25 பாகையில் ஒரு லீற்றர் நன்னீரில் ஏறக்குறைய 8.3 மில்லிகிராம் ஒட்சிசன் கரையலாம். 30 பாகையில் அது 7.6 மில்லிகிராமாகவும், 35 பாகையில் ஏறக்குறைய 7 மில்லிகிராமாகவும் குறையும். அதே வேளையில் மீனின் ஒட்சிசன் தேவை கூடுகிறது. வெப்பம் பத்துப் பாகை உயரும்பொழுது அத்தேவை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். வரவு குறையச் செலவு பெருகும் குடும்பத்தின் நிலை இது. மீன் நெருக்கமாக உள்ள தொட்டியில் இரவில் இந்நிலை நேரின் விடியுமுன் மீன்கள் இறக்கும். 2022 ஆம் ஆண்டில் நாள்தோறும் நீண்ட மின்வெட்டு நிகழ்ந்தபோது, காற்றூட்டும் பம்பியை மட்டும் நம்பியிருந்தோருக்கு இவ்வபாயம் மிகுந்தது.

இரண்டாவது, அமோனியா நஞ்சு. மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. இது நீரில் இரு வடிவில் உள்ளது. ஒன்று மீனுக்கு அதிக தீங்கு செய்யாது. மற்றையது பூக்களை எரித்து இரத்தத்திற் கலக்கும் கொடிய நஞ்சு. நீர் சூடேறினாலும் காரத்தன்மை கூடினாலும் நஞ்சு வடிவத்தின் பங்கு கூடும். காரகாடி எண் 8 உள்ள நீரில், 25 பாகையில் 100 பங்கு அமோனியாவில் ஏறக்குறைய 5 பங்கு நஞ்சு வடிவில் இருக்கும். 30 பாகையில் அது ஏழரைப் பங்காகும். எனவே அழுக்கு மிகுந்த தொட்டியிற் சூடான நீரை ஊற்றுவது இருக்கும் நஞ்சைக் கூர்மையாக்குவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, நோய். நீர் திடீரெனக் குளிரும்பொழுது மீனின் செரிமானம் மந்தமடைகிறது. நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றுகிறது. உண்ட உணவு குடலிற் கிடந்து கெடும். நீரில் வாழும் நுண்ணுயிர்கள் அவ்வேளையிற் பற்றிக்கொள்ளும். உடலிலும் செட்டையிலும் உப்புத் தூவியதுபோலத் தோன்றும் வெண்புள்ளி நோய் குளிர்நீர் ஊற்றிய சில நாட்களின் பின் தலைகாட்டுவது வழக்கம். நோய் பிந்தி வருவதனால் அதற்கும் நீர் மாற்றத்துக்கும் உள்ள தொடர்பை வளர்ப்போர் காணத் தவறுகின்றனர்.

எந்த மீனுக்கு எவ்வளவு வெப்பம்

தொட்டி மீன்களின் தாயகம் பலவாதலின் அவை விரும்பும் வெப்பமும் வேறுபடும்.

கப்பி தென் அமெரிக்காவின் வடபாகத்துக்குரியது. மொலி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகியவை மெக்சிக்கோவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் உரியன. இவை 24 முதல் 28 பாகை வரையுள்ள நீரில் நன்கு வளர்ந்து குஞ்சு ஈனும். குராமியும் சண்டை மீனும் தென்கிழக்காசியாவுக்குரியன. ஏஞ்சல் மீன் அமேசன் ஆற்றுப் பிரதேசத்துக்குரியது. இவற்றுக்கு 25 முதல் 29 பாகை வரை ஏற்றது. தங்கமீன் சீன நாட்டுக் கெண்டை இனத்திலிருந்து தோன்றியது. அது 18 முதல் 24 பாகை வரையுள்ள தண்ணிய நீரை விரும்பும்.

மட்டக்களப்பில் நிழலிலுள்ள தொட்டி நீர் ஆண்டின் பெரும்பகுதியில் 26 முதல் 30 பாகை வரை இருக்கும். ஆதலால் முதலிற் கூறிய மீன்கள் இங்கு எளிதில் வளரும். தங்கமீனோ தன் வசதியின் மேலெல்லைக்கு அப்பால் வாழ்கிறது. அதனை வளர்ப்போர் தொட்டியில் மீனின் எண்ணிக்கையைக் குறைத்து, நிழலையும் காற்றூட்டத்தையும் கூட்டுதல் வேண்டும். குளிர்நாடுகளில் மீன் வளர்ப்போர் நீரைச் சூடாக்கும் கருவியை வாங்குகின்றனர். இப்பிரதேசத்தில் அதற்குத் தேவை அரிது. இங்கு வேண்டுவது நிழலும் பொறுமையுமே.

கிடைக்கும் நீரின் இயல்பு

கிணற்று நீர்: நிலத்தடி நீர் ஆண்டு முழுவதும் அவ்விடத்தின் சராசரி வெப்பநிலையை அண்டியே இருக்கும். இப்பகுதியில் அது ஏறக்குறைய 28 பாகையாகும். ஆகவே வெப்பநிலையைப் பொறுத்தவரை கிணற்று நீரே மிகவும் நம்பத்தக்கது. ஆயினும் நிலத்திலிருந்து உடன் இறைத்த நீரில் ஒட்சிசன் குறைந்தும் காபனீரொட்சைட்டு மிகுந்தும் இருக்கக்கூடும். அதனை ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்த பின்னரே தொட்டிக்கு ஊற்றல் வேண்டும். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்றரையிலுள்ள சில கிணறுகள் கோடையில் உவர்ப்படைவதுண்டு. அத்தகைய நீரைத் திடீரெனப் பயன்படுத்துதல் கூடாது.

மேல்தாங்கி நீர்: கூரைக்கு மேல் அல்லது இரும்புத் தூணில் வைத்த பிளாஸ்ரிக் தாங்கியிலுள்ள நீர் வெயிற்காலத்தில் நண்பகலுக்குப் பின் கை பொறுக்காத அளவுக்குச் சூடேறும். வெயிலிற் கிடக்கும் றப்பர்க் குழாயில் தங்கிய நீர் அதனிலும் சூடானது. பகலிற் குழாயைத் திறந்து நேரே தொட்டியில் விடுவதே இப்பிரதேசத்தில் நிகழும் தவறுகளில் மிகக் கொடியதாகும்.

குழாய் நீர்: நீர் வழங்கல் திட்டத்தின் மூலம் வரும் நீர் கிருமி நீக்கத்துக்காகக் குளோரின் சேர்க்கப்பட்டது. குளோரின் மீனின் பூக்களைச் சேதப்படுத்தும். அந்நீரை அகன்ற வாயுடைய பாத்திரத்தில் ஒரு நாளேனும் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் அகலும். அதே ஒரு நாளில் நீரின் வெப்பநிலையும் தொட்டி நீரின் வெப்பநிலையை அடையும். ஒரு செயலால் இரு பயன் கிடைக்கிறது.

மழை நீர்: மாரிகாலத்து மழை நீர் தொட்டி நீரிலும் பார்க்க மூன்று நான்கு பாகை குளிராக இருக்கக்கூடும். கூரை நீர் நேரே தொட்டியில் வீழுமாறு விடலாகாது. பீலியைத் திருப்பிவிடுதல் வேண்டும்.

வாய்க்கால் நீர்: வயலிலிருந்து வடியும் நீரிற் பீடைகொல்லியும் களைகொல்லியும் கலந்திருக்கலாம். சிறிதளவு பீடைகொல்லியும் மீனைக் கொல்லும். ஆதலின் அதனைத் தொட்டிக்குப் பயன்படுத்தல் கூடாது.

கலப்புக் கணக்கு

ஆறு அடி நீளமும் நான்கு அடி அகலமும் உடைய தொட்டியில் ஒன்றரை அடி உயரத்துக்கு நீர் நின்றால் அதன் கனவளவு 36 கன அடியாகும். ஒரு கன அடி ஏறக்குறைய 28 லீற்றர் ஆதலால், தொட்டியில் ஏறக்குறைய 1,000 லீற்றர் நீர் உள்ளது.

இத்தொட்டி நீர் 28 பாகையிலும், மேல்தாங்கி நீர் 38 பாகையிலும் இருப்பதாகக் கொள்வோம். வேறுபாடு 10 பாகை. தொட்டி நீரில் ஐந்திலொரு பங்கை, அதாவது 200 லீற்றரை அகற்றி மேல்தாங்கி நீரை ஊற்றினால், கலந்த நீரின் வெப்பம் 10 பாகையின் ஐந்திலொரு பங்கு உயர்ந்து 30 பாகையாகும். பாதி நீரை மாற்றினால் 5 பாகை உயர்ந்து 33 பாகையாகும். முழுவதையும் மாற்றினால் மீன் 38 பாகை நீரில் விடப்பட்டதாகும். கப்பியும் தங்கமீனும் அதிற் பிழைப்பது அரிது.

மாரிகாலத்திலும் கணக்கு இதுவே. தொட்டி நீர் 27 பாகையிலும் மழை நீர் 23 பாகையிலும் இருப்பின், ஐந்திலொரு பங்கு மாற்றும்பொழுது வெப்பம் ஒரு பாகைக்கும் குறைவாகவே இறங்கும். பாதி மாற்றினால் இரண்டு பாகை இறங்கும்.

இக்கணக்கு நீர் முழுவதும் கலந்த பின் உள்ள நிலையையே காட்டுகிறது. ஊற்றும் இடத்தில் நிற்கும் மீனோ கலக்குமுன் உள்ள நீரையே எதிர்கொள்ளும். ஆதலால் புதுநீருக்கும் தொட்டி நீருக்கும் இடையே இரண்டு பாகைக்கு மேல் வேறுபாடு இருத்தலாகாது என்பதை விதியாகக் கொள்ளுதல் நன்று. சிறு குஞ்சுகள் உள்ள தொட்டிக்கு ஒரு பாகையே எல்லையாகும்.

வெப்பத்தை அளத்தல்

நீரிற் பயன்படுத்தும் சாதாரண வெப்பமானி ஒன்று ஒவ்வொரு வளர்ப்பாளரிடமும் இருத்தல் வேண்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. அதன் அளவு ஏறக்குறைய 35 பாகையிலிருந்தே தொடங்குகிறது. வெப்பமானியைத் தொட்டி நீரிலும் புதுநீரிலும் தனித்தனியே மூன்று நிமிடம் வைத்து, நீரை விட்டு வெளியே எடுக்காமலே வாசித்தல் வேண்டும்.

கையை நம்புதல் தவறு. வெயிலில் நின்று வந்தவரின் கைக்கு 32 பாகை நீரும் தண்ணியதாகத் தோன்றும். மழையில் நனைந்தவரின் கைக்கு 26 பாகை நீரும் இளஞ்சூடாகத் தோன்றும். வெப்பமானி இல்லாத வேளையில், இரு மணிக்கட்டுக்களையும் ஒரே நேரத்தில் இரு நீரிலும் வைத்து ஒப்பிடலாம். வேறுபாடு தெளிவாகப் புலப்பட்டால் அந்நீரை ஊற்றலாகாது. வேறுபாடு புலப்படாவிடினும் மெதுவாகவே ஊற்றுதல் வேண்டும்.

நீர் மாற்றும் முறை

1. நீர் மாற்றுவதற்கு முதல் நாளே, தேவையான நீரைச் சுத்தமான பீப்பாயில் நிரப்பித் தொட்டி இருக்கும் அதே நிழலில் வைக்கவும். 1,000 லீற்றர்த் தொட்டிக்கு 200 லீற்றர்ப் பீப்பாய் ஒன்று போதும். ஒரே நிழலில் ஓரிரவு நின்ற நீர் தொட்டி நீரின் வெப்பநிலையை அண்டிவிடும்.

2. பீப்பாயின் வாயை நுளம்புவலையால் இறுகக் கட்டவும். டெங்கு பரப்பும் நுளம்பு தேங்கிய நன்னீரிலேயே முட்டையிடும். காற்று உட்செல்ல வலை இடந்தரும், நுளம்புக்கு இடந்தராது. கிழமைக்கு ஒரு முறை பீப்பாயின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும்.

3. மருந்து கலந்த பீப்பாய், தெளிகருவி, வாளி எதனையும் மீனுக்குப் பயன்படுத்தலாகாது. எத்தனை முறை கழுவினும் நஞ்சு எஞ்சியிருக்கலாம். மீனுக்கென வாளி, பூவாளி, குழாய் ஆகியவற்றைத் தனியே வைத்து அடையாளமிடவும்.

4. நீர் மாற்றும் நாளிற் காலை உணவு கொடுக்குமுன் இரு நீரின் வெப்பத்தையும் அளக்கவும். வேறுபாடு இரண்டு பாகைக்கு மேற்படின் வேலையை ஒத்திவைக்கவும்.

5. தொட்டியின் அடியிற் படிந்த கழிவைச் சிறு குழாயால் உறிஞ்சி வெளியேற்றவும். ஐந்திலொரு பங்குக்கு மேல் நீரை எடுக்க வேண்டாம். ஒன்றரை அடி நீரில் இது நான்கு விரற்கிடையிலும் சற்றுக் கூடிய உயரமாகும். தொட்டிச் சுவரில் முதலிலேயே கோடு கீறிவைத்தால் அளவு தவறாது.

6. புதுநீரைப் பூவாளியால் தொட்டியின் ஓரமாகத் தூவவும். பூவாளியின் துளைகளால் நீர் காற்றோடு கலந்து ஒட்சிசன் பெறும்; ஓரிடத்தில் மோதாமற் பரவும். பீப்பாயை உயரத்தில் வைத்துச் சிறு குழாயின் மூலம் மெல்ல ஒழுகவிடுதல் அதனிலும் நன்று. 200 லீற்றர் நீரைச் சேர்க்க ஒரு மணித்தியாலமேனும் எடுத்தல் வேண்டும்.

7. ஊற்றிய பின் அரை மணித்தியாலம் மீன்களை அவதானிக்கவும். அவை இயல்பாக நீந்தினால் வழமையான உணவின் பாதியை மட்டும் அன்று கொடுக்கவும்.

கிழமைக்கு ஒரு முறை ஐந்திலொரு பங்கு மாற்றுதல், மாதத்துக்கு ஒரு முறை முழுவதையும் மாற்றுவதிலும் சாலச் சிறந்தது. தொட்டியின் சுவரிலும் மணலிலும் அமோனியாவைத் தீங்கற்றதாக மாற்றும் பற்றீரியாக்கள் வாழ்கின்றன. தொட்டியை முற்றாகக் கழுவித் தேய்த்தால் அவையும் அழியும். பயிருக்கு அடிக்கடி அளவாக நீர் பாய்ச்சும் கமக்காரருக்கு இம்முறை புதியதன்று.

காலமும் பருவமும்

கச்சான் காற்று வீசும் வெயிற்காலத்தில் நீர் மாற்றுவதற்கு அதிகாலையே உகந்தது. இரவிற் குளிர்ந்த தொட்டி நீரும் பீப்பாய் நீரும் அப்போது ஒத்த வெப்பத்தில் இருக்கும். விடியற் பொழுதில் ஒட்சிசன் மிகக் குறைந்திருக்கும் ஆதலால், புதுநீர் மீனுக்கு உடனடி ஆறுதலையும் தரும். முற்பகல் பத்து மணி முதல் பிற்பகல் நான்கு மணி வரை நீர் மாற்றலாகாது. ஆவியாகிக் குறையும் நீரை நாள்தோறும் காலையிற் சிறிது சிறிதாக நிரப்பவும். தொட்டிக்கு மேல் கிடுகுப் பந்தல் இட்டு, மேற்குப் பக்கத்தைக் கிடுகால் மறைத்தால் பிற்பகல் வெயில் தாக்காது.

ஆண்டு மழையின் பெரும்பகுதியைப் பெறும் மாரிகாலத்தில், வாடைக்காற்று வீசும் நாட்களில், காலை ஒன்பது அல்லது பத்து மணியளவில் நீர் மாற்றுதல் நன்று. விடியற்காலைக் குளிரில் மாற்ற வேண்டாம். அடைமழை நாட்களிற் பத்திலொரு பங்கு மாற்றினாற் போதும். குளிர்ந்த நாட்களில் மீன் குறைவாக உண்ணும் ஆதலின் உணவையும் குறைத்தால் அழுக்கும் குறையும். சூறாவளி எச்சரிக்கை உள்ள நாட்களில் நீர் மாற்றத்தை முற்றாக ஒத்திவைத்துத் தொட்டியை மூடிவைப்பதே அறிவுடைமை.

புதிய மீனைத் தொட்டியில் விடல்

விலைக்கு வாங்கிய மீன் பொலித்தீன் பையிற் பேருந்திலோ மோட்டார்ச் சைக்கிளிலோ வரும்பொழுது பை நீர் சூடேறும். வீடு வந்ததும் பையை அவிழ்த்துத் தொட்டியிற் கொட்டுவோர் அம்மீனை இழப்பர். பையைத் திறவாமல் இருபது நிமிடம் தொட்டி நீரில் மிதக்கவிடவும். பின் அதனைத் திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு சிரட்டை தொட்டி நீரைப் பையினுள் ஊற்றவும். நான்கைந்து முறை இவ்வாறு செய்த பின், மீனை மட்டும் வலையால் எடுத்துத் தொட்டியில் விடவும். பை நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். அதில் நோய்க்கிருமி இருக்கலாம்.

தவறு நேர்ந்துவிட்டால்

தவறுதலாகச் சூடான நீர் ஊற்றப்பட்டு மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால், உடனே குளிர்நீரை ஊற்றி ஈடுசெய்ய முயல்வது இரண்டாவது தவறாகும். ஒரே மணித்தியாலத்தில் மீன் இருமுறை தாக்குண்ணும். முதலிற் புதுநீர் விடுவதை நிறுத்தி நிழலைக் கூட்டவும். தொட்டி நீரையே பூவாளியால் மொண்டு மீண்டும் மீண்டும் தொட்டியில் தூவிக் காற்றூட்டவும். மின்சாரம் இல்லாத வேளையிலும் இதனைச் செய்யலாம். மிகுந்த சூடாயின், பனிக்கட்டியை இறுக மூடிய போத்தலில் இட்டு நீரில் மிதக்கவிடலாம். நீர் மணித்தியாலத்துக்கு ஒரு பாகைக்கு மேல் இறங்காதவாறு போத்தலை இடையிடையே எடுக்கவும்.

குளிர்நீரால் மீன் ஒடுங்கினால், இளஞ்சூடான நீர் நிரப்பிய போத்தல்களை அவ்வாறே மிதக்கவிட்டுத் தொட்டியை மூடி வைக்கவும். இரு நிலைகளிலும் ஒரு நாள் உணவு கொடுக்க வேண்டாம். அடுத்த பத்து நாட்களுக்கு வெண்புள்ளி தோன்றுகிறதா எனக் கவனித்து, தோன்றிய தொட்டியின் வலையையும் வாளியையும் பிற தொட்டிகளிற் பயன்படுத்தாது விடவும்.

அகற்றிய நீரின் பயன்

தொட்டியிலிருந்து அகற்றும் நீர் வீணானதன்று. அதில் நைத்திரசன் முதலிய போசணைகள் உள்ளன. கீரைப் பாத்திக்கும், வாழைக்கும், கத்தரிக்கும் ஊற்றினாற் பயன் தரும். கிழமைக்கு 200 லீற்றர் நீர் ஒரு சிறு வீட்டுத்தோட்டத்துக்கு நல்ல துணையாகும். மருந்து அல்லது உப்பு இட்ட தொட்டி நீரைப் பயிருக்கு ஊற்ற வேண்டாம்.

அந்நீரையோ மிகுதி மீன்களையோ வாவியிலும் குளத்திலும் வாய்க்காலிலும் விடலாகாது. தொட்டியைத் துப்புரவாக்கும் மீன் எனக் கொண்டுவரப்பட்ட தென் அமெரிக்கக் கெளிற்றினம் இலங்கையின் இயற்கை நீர்நிலைகளிலும் பரவிவிட்டது. ஒரு வளவில் வேண்டாமென விட்ட மீன் பல மீனவரின் வலைக்குக் கேடாகும்.

முடிவாக நினைவிற் கொள்ளவேண்டியவை

முதல் நாளே நீரை நிழலில் நிறுத்துக. வெப்பமானியால் இரு நீரையும் அளக்குக. இரண்டு பாகைக்கு மேல் வேறுபாடு இருப்பின் ஊற்றாதிருக்க. ஐந்திலொரு பங்குக்கு மேல் மாற்றாதிருக்க. மெதுவாகத் தூவுக. நண்பகலிலும் அடைமழையிலும் இவ்வேலையைத் தவிர்க்க.

மீன் இனத் தெரிவு, நோய், சந்தைப்படுத்தல் ஆகியவை பற்றி மேலும் அறிய விரும்புவோர் 1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய நீரியல் வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் அலுவலரை அணுகி ஆலோசனை பெறலாம்.

ஒரு பீப்பாயும், ஒரு பூவாளியும், ஒரு வெப்பமானியும் வாங்குவதற்கு ஆகும் செலவு, ஒரு தொட்டி மீன் முழுவதும் இறந்தால் ஏற்படும் இழப்பிலும் மிகச் சிறிது. ஒரு நாள் பொறுத்து நீர் மாற்றும் வழக்கத்தை வீட்டிலுள்ளோர் அனைவரும் கைக்கொள்வார்களாயின், அறுவடை இல்லாத மாதங்களிலும் வீட்டு வளவிலுள்ள தொட்டி வருவாய் தரும்.